ஒரு சோறு பதமில்லை

சென்ற வாரம் ஒரு முதுநிலை மாணவி நோய் திரும்பிவந்த ஒருவரின் நான்கு வருடப் பழைய ரிப்போர்ட்டை நீட்டி, “அதே மார்பகப் புற்றுநோய்தான், சார். ஏற்பி விவரமெல்லாம் இதிலேயே இருக்கிறது” என்றார். ஏற்பி என்பது ஹார்மோன் போன்றவை வந்து ஒட்டும் செல் புரதம்; எந்த மருந்து என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் நோய்க்குறியியல் படித்து முடித்த புதிதில், இதே சென்னையில், நானும் இப்படித்தான் சொன்னேன்.

கட்டியைப் பரிசோதிப்பதில் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். ஸ்லைடு எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைக் கவனிக்க ஆய்வகத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பழைய ரிப்போர்ட்டை நம்புவது

வியாசர்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா. மார்பகக் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தது, செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற இன்னொரு ஏற்பி இல்லை. சில வருடங்கள் கழித்து நோய் கல்லீரலில் தலைகாட்டியது. மறுபடி பயாப்சி (திசு எடுத்துப் பார்ப்பது) வேண்டுமா என்று சிகிச்சை மருத்துவர் கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று மாதம் ஹார்மோன் மாத்திரை கொடுத்தும் கல்லீரல் கட்டி வளர்ந்துகொண்டே போனது. பிறகு ஊசி போட்டு எடுத்துப் பார்த்தால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் காணோம், ஹெர்-2 மூன்று பிளஸ், அதாவது மிக அதிகம். எரிச்சலோடு முதல் அறுவைசிகிச்சையின் இன்னொரு பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) வெட்டி ஹெர்-2க்குச் சாயமிட்டேன். ஓரத்தில் ஒரு கொத்துச் செல்கள் மட்டும் பழுப்பாக, ஹெர்-2 உள்ளவையாகத் தெரிந்தன. அன்றே அங்கே இருந்திருக்கின்றன! அந்த மூன்று மாதத்தை இன்றும் என்னால் கணக்கில் எழுத முடியவில்லை.

ஒரே செல்லில் தொடங்கினாலும் கட்டி கிளை பிரிந்து வளர்கிறது. புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நவல் இதை 1976இலேயே எழுதிவிட்டார். மருந்து ஒரு கிளையைச் சாய்த்தால், அதற்குச் சாயாத கிளைக்கு இடம் கிடைக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் ஜெஃபிடினிப், எர்லோடினிப் மாத்திரைகள் பலன் தந்து பிறகு பலிக்காமல் போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம், அவற்றை எதிர்க்கும் டி790எம் என்ற மரபணு மாற்றம் தென்படுகிறது. முதல் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அதன் சுவடே இருக்காது.

ஊசி எட்டாத இடம், தாங்காத உடம்பு என்றால் வேறு பேச்சு. முடிகிற இடத்தில் எடுங்கள். பழைய பிளாக்கையும் கூடவே சாயமிடுங்கள். நோய் மாறவில்லை, அன்று நாம்தான் தவறினோம் என்றும் தெரியவரலாம்.

ஒரே துண்டோடு முடிப்பது

பானைச் சோற்றுக்குச் சரி, கட்டிக்கு ஆகாது. 2012இல் வெளியான சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வில், ஒரே நோயாளியின் பல இடங்களில் எடுத்த துண்டுகளை ஒப்பிட்டார்கள். மரபணு மாற்றங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எல்லாத் துண்டுகளிலும் இல்லை.

எலும்புத் துண்டைக் கடும் அமிலத்தில் ஊறவைப்பது

டி.என்.ஏ. போய்விடும். சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசல் போதும்.

பக்கத்துப் படுக்கையைப் பார்த்து மருந்து கேட்பது

உறவினர்கள் கேட்கலாம். நீங்கள் தலையாட்டாதீர்கள். பெயர் ஒன்றானாலும் இருவரின் கட்டியும் ஒன்றல்ல.

ரத்தப் பரிசோதனையில் ‘காணவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று எழுதுவது

ரத்தத்தில் கட்டி சிந்தும் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனை இது. கட்டி அன்றைக்குப் போதிய அளவு சிந்தாமல் இருந்திருக்கலாம். திசு கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த மாணவி கேட்டுவிட்டார். வியாழக்கிழமை கல்லீரல் பயாப்சி.