ஜான் ஹர்ட்டைக் கேட்கும் முறை

டப்பிங் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் விசாரிப்பது, நல்ல ஹெட்போன் இருக்கிறதா என்றுதான். இருந்தால் ஒரு மாத வீட்டுப்பாடம் தயார்: ஜான் ஹர்ட். இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் 1940-இல் பிறந்த நடிகர். 2017 ஜனவரியில், 77-வது பிறந்தநாள் முடிந்து மூன்றே நாளில் மறைந்தார். நடுவில் ஐம்பது வருஷத்துக்கும் மேல் சினிமா, டிவி, மேடை, கார்ட்டூன் என்று நிற்காமல் வேலை. இவ்வளவையும் வருஷ வரிசையில் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரிசை வேறு.

ஒரு நிபந்தனை. ஆங்கில ஆடியோவில்தான் கேட்க வேண்டும். டப்பிங்கில் சோறு சாப்பிடுகிற நானே இதைச் சொல்கிறேன். மொழிமாற்றிய பிரதியில் அவருடைய முகம் மட்டும்தான் மிஞ்சும். ஆங்கிலம் வேகமாகப் புரியவில்லை என்றால் சப்டைட்டில் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்புறம் திரையில் துண்டைப் போட்டு மூடிவிட்டு, அதே பத்து நிமிஷத்தைத் திரும்பக் கேளுங்கள். கையில் பேப்பர் பென்சில் இருக்கட்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கோடு, நிறுத்தும் இடத்தில் இரண்டு கோடு.

தொடக்கத்துக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஹாரி பாட்டர் முதல் படம், 2001. மந்திரக்கோல் கடைக்காரர் ஆலிவாண்டராக வருவார். சில நிமிஷக் காட்சிதான். குரலை உயர்த்தவே மாட்டார். அந்தச் சிறுவனுக்குக் கிடைத்த கோலுக்கும் அவன் நெற்றித் தழும்புக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது குரல் இன்னும் இறங்கும். நாம்தான் காதை அருகே கொண்டுபோக வேண்டியிருக்கும். பயமுறுத்தக் கத்த வேண்டியதில்லை என்பதை அந்த ஒரு காட்சியை வைத்தே என் மாணவிகளுக்குப் புரியவைத்திருக்கிறேன்.

அடுத்தது 'தி எலிஃபென்ட் மேன்', 1980. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். டேவிட் லிஞ்ச் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். உடல் உருக்குலைந்து பிறந்து, சந்தையில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட ஒரு மனிதனின் கதை. மேக்கப் போடவே ஏழெட்டு மணி நேரம் ஆகுமாம். அதைப் போட்ட பிறகு ஹர்ட்டின் நெற்றியும் இல்லை, கன்னமும் இல்லை, உதடும் பாதி மறைந்துவிட்டது. ஒரு நடிகனிடமிருந்து முகத்தைப் பிடுங்கிக்கொண்டால் என்ன மீதி இருக்கும்? கண்ணும் குரலும்தான்.

பலர் நேராக அந்த ரயில் நிலையக் காட்சிக்குப் போவார்கள், 'நான் விலங்கு அல்ல' என்று அவர் அலறும் இடத்துக்கு. அங்கே போகாதீர்கள். முதலில் பைபிள் சங்கீதம் ஒப்பிக்கும் காட்சியைக் கேளுங்கள். இவனுக்குப் பேச வரும் என்று மருத்துவமனை நிர்வாகியிடம் நிரூபிக்க, டாக்டர் சில வரிகளைச் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைத்திருக்கிறார். நிர்வாகி நம்பாமல் வெளியே போகிறார். கதவுக்குப் பின்னால் 23-ஆம் சங்கீதம் ஓடுகிறது. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று தமிழ் பைபிளில் வருகிற அதே சங்கீதம். டாக்டர் சொல்லிக்கொடுக்காத வரிகளும் வருகின்றன! குழறுகிற வாய், எச்சில் விழுங்கும் சத்தம், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் கொடுக்கும் மரியாதை. ஹர்ட்டின் அப்பா ஒரு பாதிரியார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வேன். சின்ன வயதில் எத்தனை முறை காதில் விழுந்திருக்கும் அது. நான் இந்த இடத்தை எத்தனை தடவை கேட்டாலும் அழுதுவிடுவேன். இந்த வேடத்துக்கு பிரிட்டனின் பாஃப்டா சினிமா விருது கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

முகம் மறைந்தால் என்ன ஆகிறது என்று தெரிந்துவிட்டதா? சரி, இப்போது முகமே இல்லாத வேலைகளுக்கு வரலாம். 1978-இல் 'வாட்டர்ஷிப் டவுன்' கார்ட்டூனில் ஹேசல் என்ற முயல், 1982-இல் 'தி பிளேக் டாக்ஸ்' படத்தில் ஸ்னிட்டர் என்ற நாய். இரண்டையும் இயக்கியவர் மார்ட்டின் ரோசன். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம், துண்டு போட்டு, அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹேசல் தலைவன். ஆனால் அதட்ட மாட்டான், சொல்லை முழுசாக முடித்துவிட்டு அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பான். ஸ்னிட்டர், ஆய்வுக்கூடத்தில் மூளையை அறுத்துப் பார்த்த நாய். எஜமான் அடிபட்டது தன்னால்தான் என்று நம்புகிற ஜீவன். அவன் வாக்கியம் பாதியில் வழி தவறிப்போகும். அடிப்படைக் குரல் இரண்டிலும் ஒன்றேதான் என்பதைக் கவனியுங்கள். புதியவர்கள் நாய் என்றதும் தொண்டையைக் கசக்கிக் குரலை மாற்றுவார்கள். ஹர்ட் மாற்றுவது மூச்சை. உங்கள் பேப்பரில் உள்ள கோடுகளே அதைக் காட்டிவிடும்.

கதைசொல்லியாக அவரைக் கேட்க 'டாக்வில்', 2003. திரையில் கொடுமை நடக்க நடக்க, அந்தக் குரல் மட்டும் கண்ணியம் குறையாமல் சொல்லிக்கொண்டே போகும். இதோடு 1987-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட எய்ட்ஸ் எச்சரிக்கை விளம்பரத்தையும் தேடிப் பிடியுங்கள். கல்லில் அந்த நோயின் பெயரைச் செதுக்குவார்கள், பின்னால் ஹர்ட்டின் குரல். ஒரு நிமிஷம் போதும்.

'ஏலியன்' படத்தில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு ஜந்து வெளியே வருவது இவருக்குத்தான். பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள், குரல் பாடத்துக்கு அதில் அதிகம் இல்லை.

இதற்குப் பிறகு ஜோடிகளாகப் பாருங்கள். '1984' நாவலை அதே வருஷத்தில் படமாக்கியபோது, அரசாங்கம் நசுக்கும் வின்ஸ்டன் ஸ்மித் இவர்தான். 2006-இல் வெளியான 'வி ஃபார் வெண்டட்டா'வில் பெரிய திரையிலிருந்து அதட்டுகிற சர்வாதிகாரியும் இவரே. ஒரே ராத்திரியில் இரண்டையும் பாருங்கள். அதேபோல குவென்டின் கிறிஸ்ப். தன்பாலின ஈர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த அந்த ஆங்கிலேயரின் வேடத்தை 1975-இல் ஏற்றார், 'தி நேக்கட் சிவில் சர்வென்ட்' டிவி படத்துக்காக. இதைச் செய்தால் மேற்கொண்டு வேலையே கிடைக்காது என்று எச்சரித்தார்களாம். 34 வருஷம் கழித்து, 2009-இல், முதுமையான கிறிஸ்பாக மறுபடியும் நடித்தார். இரண்டிலும் ஒரு வாக்கியம் எப்படி முடிகிறது என்று மட்டும் கேளுங்கள்.

கடைசி ராத்திரிக்கு 'கிராப்ஸ் லாஸ்ட் டேப்', 2000. சாமுவேல் பெக்கெட் நாடகம். 69 வயதுக் கிழவர் ஒருவர், தன் 39-ஆம் வயதில் பதிவு செய்த டேப்பைப் போட்டுக் கேட்கிறார். இளைய குரலும் ஹர்ட், கேட்டுக்கொண்டிருக்கும் கிழவரும் ஹர்ட். இங்கே மட்டும் துண்டை எடுத்துவிடுங்கள். கேட்கிற முகத்தைப் பார்க்க வேண்டும். முடிவில் பேச்சு நின்று டேப் மட்டும் ஓடும். அப்போது போனை எடுக்காதீர்கள், சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஓடி முடியட்டும்.