பழைய ட்ரீம்காஸ்டைக் கெடுக்கும் கைகள்

முதல் தவறு பிளக்கிலேயே நடந்துவிடுகிறது. ஜப்பானிலிருந்து வந்த சேகா ட்ரீம்காஸ்ட் வீடியோ கேம் பெட்டி 100 வோல்ட்டுக்குச் செய்தது. சிங்கப்பூர்ச் சுவரில் வருவது 230. ஆனால் பின்னாலிருக்கும் துளை எட்டு வடிவத்தில் எல்லாரும் அறிந்த சாதாரணத் துளை. வீட்டு ரேடியோவின் வயர், மூன்று முனை பிளக்கோடு, கச்சிதமாகப் பொருந்திவிடும். பொருந்துகிறதே என்று சுவிட்சைத் தட்டினால், உள்ளே அந்த 230 நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட் வரை ஏறும். ஃபியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம். மின்னைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்து வெடிக்கலாம்.

அதனால் காசைக் கொடுக்கும் முன் பெட்டியைக் கவிழ்த்து மாடல் எண்ணைப் பாருங்கள். எச்கேடி-3000 என்றால் ஜப்பான், 3020 அமெரிக்கா, 3030 ஐரோப்பா. முதல் இரண்டுக்கும் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டிக்கு 110 முதல் 120. 100 வாட் தாங்கினால் தாராளம். முடி உலர்த்திக்கென்று விற்கும் எடையில்லாத பயணக் கன்வர்ட்டர் உதவாது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கையில் கனக்கும்.

'அபூர்வம்' என்ற விளம்பரத்தை நம்பி வெள்ளியை அள்ளிக் கொடுப்பது அடுத்த தவறு. 9 மில்லியனுக்கு மேல் விற்ற பெட்டி எப்படி அபூர்வமாகும்? சந்தையில் தோற்றதால் மட்டமான சரக்கு என்று ஒதுக்குவதும் அதே அளவு பிழை. ஜப்பானில் 1998 நவம்பர் 27இல் வந்தது, 2001 மார்ச்சில் உற்பத்தி நின்றது. முந்தைய கன்சோலான சேட்டர்னில் பட்ட நஷ்டம் சேகாவின் கழுத்தை இறுக்கியிருந்தது. 2000 மார்ச்சில் போட்டியாக பிளேஸ்டேஷன் 2 வந்த பிறகு, அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்த பெட்டி 99க்கும் கீழே இறங்கியது. இயந்திரத்தின் தரத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஜப்பானில் அதற்கு ஆட்டங்கள் 2007 வரை வந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தக் குறுகிய வாழ்வு ஒன்றைத் தீர்மானித்துவிட்டது: வட்டைப் படிக்கும் அசல் டிரைவ் கெட்டால் இன்னொரு பெட்டியிலிருந்துதான் பிடுங்க வேண்டும்.

அப்படியிருந்தும் பலர் முதலில் கை வைப்பது டிரைவில்தான். வட்டு படிக்கவில்லையா, லேசர் அருகிலுள்ள சின்னத் திருகைத் திருப்பு என்பார்கள். திருப்பினால் லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும். சில நாள் ஓடும், பிறகு நிரந்தரமாக அணையும். முதலில் லென்ஸை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் மெல்லத் துடையுங்கள். தண்டில் காய்ந்த கிரீஸை எடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸைப் பொட்டளவு வையுங்கள்.

ஆட்டத்தின் நடுவே தானாக ரீசெட் ஆனால், டிரைவையும் மதர்போர்டையும் சந்தேகிக்கும் முன் பவர் போர்டைப் பாருங்கள். அது மதர்போர்டில் நிற்கும் ஆறு பின்களில் செருகியிருக்கிறது. பின்களில் ஆக்சைடு படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். நான்கு ஸ்க்ரூக்கள், ஒன்று மோடத்தின் அடியில் ஒளிந்திருக்கும். பவர் போர்டைத் தூக்கி, பின்களை ஆல்கஹாலில் துடைத்து, இம்மியளவு வளைத்துத் திரும்பப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேதி ஒவ்வொரு முறையும் அழிகிறதா? உள்ளிருக்கும் பேட்டரி சார்ஜ் ஆகும் வகை. அங்கே சாதாரண சிஆர்2032ஐப் பற்றவைக்காதீர்கள். பெட்டி அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது கசியும் அல்லது வீங்கும். எம்எல்2032தான் வேண்டும். சிஆர்2032க்கு இடம் விஎம்யு மெமரி கார்டு, அதற்கு இரண்டு.

பெட்டி ஓடும்போது கன்ட்ரோலரைச் செருகி எடுப்பதும் வேண்டாம். முன்பக்கப் போர்டில் எஃப்1 என்ற சிறு ஃபியூஸ் ரெசிஸ்டர் உண்டு. அது போனால் நான்கு போர்ட்டும் ஒரே நேரத்தில் செத்ததுபோல் தோன்றும். மாற்று உதிரி சிம் லிம் டவர் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கக்கூடியது.

வீவக அடுக்குமாடி வீட்டில் அலமாரிக்குள் வைப்பவர்கள், நீர் தேங்கும் ஈர உறிஞ்சிப் பெட்டியைக் கன்சோலுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். அது கவிழ்ந்தால் கால்சியம் குளோரைடு கரைசல் செம்பை அரித்துவிடும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில் 45 சதவீதத்தில் வைப்பது மேல். இல்லையென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.