டிரேட்மார்க் வச்சிருக்கவங்களுக்கு ஒரு டிப்ஸ்
கொரோனா டைம்ல ஆபீஸ் கோர்ட் எல்லாம் பூட்டிக் கெடந்தப்ப, 2020 மார்ச் 15ல இருந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் லிமிடேஷன் (கேஸ், மனு போடுறதுக்கான காலக்கெடு) கணக்குல சேராதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச்சு, நல்ல விஷயம்தான், ஆனா அந்த மாதிரி சலுகை வரும்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும், அதனால டிரேட்மார்க் ஆபீஸ்ல இருந்து எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் (நம்ம அப்ளிகேஷனைப் பார்த்துட்டு அவங்க ஆட்சேபணை சொல்ற அறிக்கை) வந்தா 30 நாளுக்குள்ள ஆன்லைன்லயே பதில் போட்டுடுங்க. ஆன்லைன்ல அப்ளை பண்ணா ஃபீஸும் கம்மி. முக்கியமா ஆன்லைன்ல கையெழுத்துப் போடுற டிஜிட்டல் சிக்னேச்சர் எப்ப முடியுதுன்னு இப்பவே பாருங்க, எனக்கு கடைசி நாள் ராத்திரி 10 மணிக்கு அந்த சிக்னேச்சர் இருக்கற யூஎஸ்பி டோக்கனைச் சொருகினா எக்ஸ்பயர்டுன்னு வருது, வேர்த்துப் போச்சு! டிரேட்மார்க் ரெனியூவல் விட்டுட்டீங்கன்னா பதறாதீங்க, முடிஞ்ச தேதிலேர்ந்து 6 மாசம் வரை கூடுதல் ஃபீஸ் கட்டிப் புதுப்பிக்கலாம். ஆன்லைன்ல போட்டதுக்கு வர்ற அக்னாலெட்ஜ்மென்ட்டை பிடிஎஃப்பா மெயில்ல போட்டு வைங்க.