உயில் கிடைத்துவிட்டது, அடுத்து என்ன? சென்னையில் புரொபேட் வாங்கும் வழிமுறை

காலமானவரின் பீரோவில் உயில் ஒன்று கிடைத்தால், அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. இறப்புச் சான்றிதழ், பத்திர நகல், பட்டா எல்லாம் தாமதமானாலும் வாங்கிவிடலாம். எழுபது வயது தாண்டிய சாட்சி அப்படியில்லை. அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் ஒன்றை வாங்கி வைத்துவிடுங்கள். புரொபேட் மனு, அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் சான்றளிக்கக் கேட்கும் மனு, போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை, இது கடைசி உயில்தானா என்று உறுதி செய்வது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு ‘வேறு உயில் இல்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். உயில் வில்லங்கத்தில் வராது. அது சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகத்தில் பதிவாகிறது. வில்லங்கச் சான்று எடுக்கப்படுவதோ 1-ஆம் புத்தகத்திலிருந்து. அவர் வாழ்ந்த, சொத்து வைத்திருந்த பகுதிகளின் அலுவலகங்களில் இறப்புச் சான்றிதழைக் காட்டித் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். மூடிய உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்திருந்தால், அதைத் திறக்கவும் இதேபோல் மனு கொடுக்கலாம்.

கிடைத்த மூல உயிலை லேமினேட் செய்யாதீர்கள். புதிதாக ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், பழைய பின்னைப் பிடுங்காதீர்கள். கையெழுத்தைத் தடய அறிவியல் துறைக்கு அனுப்ப நேர்ந்தால் மையும் தாளும் இருந்தபடியே இருக்க வேண்டும். ‘இந்தப் பக்கத்தைப் பிறகு செருகியிருக்கிறார்கள்’ என்ற வாதத்துக்கு ஒரு கூடுதல் பின் ஓட்டையே போதும். எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பின்பக்கங்கள் உட்பட, கலரில் ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

புரொபேட் கட்டாயமா?

இந்தியர் வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 213-ஆம் பிரிவுதான் இத்தனை காலம் சென்னைக்காரர்களை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட உயிலோ, அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்தைப் பற்றிய உயிலோ என்றால், இந்துக்கள் புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் அதை வைத்து உரிமை கோர முடியாமல் இருந்தது. மதுரைக்கும் கோவைக்கும் அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 213-ஐ நீக்கிவிட்டது. கட்டாயம்தான் போயிற்று, புரொபேட் என்ற நடைமுறை அப்படியே இருக்கிறது.

ஆகவே இன்று கேள்வி, உங்களுக்கு அது தேவையா என்பதுதான். வாரிசுகள் எல்லோரும் ஒத்துப்போய், சொத்தும் ஒரே ஒரு வீடு என்றால், உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் ஆட்சேபமில்லா எழுத்து ஆகியவற்றோடு பட்டா மாற்றத்துக்குப் போய்ப் பார்க்கலாம். ஒரு வாரிசாவது முரண்டு பிடித்தால், உயிலில் யாராவது அடியோடு ஒதுக்கப்பட்டிருந்தால், சொத்தை உடனே விற்க வேண்டியிருந்தால் புரொபேட் வாங்கிவிடுவதே நல்லது. வாங்க வருபவரின் வக்கீலும் வீட்டுக்கடன் வங்கியும் சட்டம் மாறியதற்காகக் கேட்பதை நிறுத்திவிட மாட்டார்கள். பெங்களூரிலும் ஒரு மனை இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தின் ஆணைக்குக் கூடுதல் பலன் உண்டு: அது பிற மாநிலங்களிலும் செல்லும். மாவட்ட நீதிமன்றம் தருவது பொதுவாக அந்த மாநிலத்தோடு நின்றுவிடும்.

வங்கிப் பணத்துக்காக மட்டும் புரொபேட்டுக்கு ஓட வேண்டாம். நாமினி இருந்தால் வங்கி அவரிடம் கொடுத்துவிடும். நாமினி இல்லாவிட்டாலும், தகராறு இல்லாதவரை 15 லட்சம் ரூபாய் வரை (கூட்டுறவு வங்கியில் 5 லட்சம்) எளிய நடைமுறையில் தர வேண்டும், காகிதம் முழுதும் வந்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2025 வழிகாட்டுதல். நாமினி சொத்தின் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை; வாங்கி, உரியவரிடம் சேர்ப்பிக்க வேண்டியவர் மட்டுமே. காப்பீட்டில் 1983-லும் பங்குகளில் 2023-லும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது.

யார், எங்கே மனு போடுவது

உயிலில் நிறைவேற்றுநர், அதாவது எக்சிக்யூட்டர், என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர் மட்டுமே புரொபேட் கேட்க முடியும். அப்படி யாரும் இல்லையென்றாலோ, இருந்தவர் இறந்துவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, சொத்தைப் பெறுபவர் உயிலை இணைத்து ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’, அதாவது சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம், கேட்க வேண்டும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், இரண்டாவதற்கு நீதிமன்றத்தில் ஜாமீன் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். இதை மாற்றிக் கேட்டு மனு திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது.

சென்னை நகர எல்லைக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவு, வெளியே என்றால் மாவட்ட நீதிமன்றம். புறநகர்ச் சொத்துக்கு எந்த எல்லை என்று வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இறந்து 7 நாள் கழியாமல் புரொபேட் தரக்கூடாது. லெட்டர்ஸுக்கு 14 நாள். நடைமுறையில் யாரும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை, தாமதம்தான் பிரச்சினை. இந்த மனுக்களுக்கும் 3 ஆண்டுக் காலவரம்பு பொருந்தும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கணக்கு மனுச் செய்யும் உரிமை எழும் நாளிலிருந்து தொடங்கும். பல ஆண்டு கழித்துப் போடுவதானால் காரணத்தை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். நீதிபதி கேட்ட பிறகு சொன்னால் சந்தேகத்துக்கு இடமாகும்.

மனுவில் எங்கே சறுக்குகிறது

வாரிசுகள் பட்டியல் முதல் இடம். இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அந்த வகுப்பில் இல்லை. ‘பாட்டிக்கு உயிலில் ஒன்றும் இல்லையே’ என்று அவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். உயிலில் பங்கு இல்லாதவருக்குத்தான் நோட்டீஸ் முக்கியம், எதிர்க்கக் காரணம் இருப்பவர் அவர்தானே! முன்பே இறந்த மகனின் மனைவி, குழந்தைகளையும் சேர்க்க வேண்டும். யாரையாவது மறைத்து வாங்கிய புரொபேட்டைப் பின்னால் அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 263-ஆம் பிரிவின்கீழ் ரத்து செய்யக் கேட்கலாம்.

சொத்து அட்டவணை இரண்டாவது. சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் போடுங்கள். சர்வே எண், அடுக்ககமானால் நிலத்தில் பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்பது தாய்ப்பத்திரத்தில் உள்ளபடியே வரட்டும். உயிலில் ‘என் மயிலாப்பூர் வீடு’ என்று மட்டும் இருந்தாலும் மனுவில் முழு விவரம் வேண்டும். பெயரும் அப்படித்தான்: பத்திரத்தில் ஒரு இனிஷியல், ஆதாரில் இன்னொன்று என்றால் ‘என்கிற’ போட்டு எல்லா வடிவங்களையும் எழுதிவிடுங்கள். சொத்து மதிப்பை வைத்தே நீதிமன்றக் கட்டணம் என்பதால் மதிப்புக்கு ஆதாரமும் இணைக்க வேண்டும்.

இனி சாட்சி. ஒரு சாட்சி போதும் என்பது சரி, ஆனால் அந்த ஒருவர் முழுதாகப் பேச வேண்டும். ‘நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்’ என்று மட்டும் பிரமாணப் பத்திரத்தில் எழுதினால் உயில் நிரூபணமாகாது. உயில் எழுதியவர் கையெழுத்திட்டதைத் தாம் பார்த்தது, மற்றொரு சாட்சியும் பார்த்தது, இருவரும் எழுதியவர் முன்னிலையில் கையெழுத்திட்டது, அவர் அப்போது தெளிந்த மனநிலையில் இருந்தது ஆகிய அத்தனையும் வர வேண்டும். இரண்டாம் சாட்சியைப் பற்றிய அந்த ஒரு வரி விட்டுப்போனதாலேயே தோற்ற வழக்குகள் உண்டு. உயில் பதிவு செய்யப்பட்டது என்பதால் இதிலிருந்து தப்பிக்க முடியாது. இரு சாட்சிகளும் உயிரோடு இல்லையென்றால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டக்கூடியவர் வேண்டும். அவர்களின் பழைய வங்கிப் படிவம், பத்திரம் ஏதாவது தேடி வையுங்கள். 30 ஆண்டுப் பழைய ஆவணத்துக்குக் கிடைக்கும் சலுகை உயிலுக்குக் கிடையாது.

மனுவுக்குப் பிறகு

மனுவுக்கு நீதிமன்ற எண் கிடைத்ததும் வாரிசுகளுக்கு நோட்டீஸும் நாளிதழ் விளம்பரமும் போகும். ஒத்துப்போகும் வாரிசுகளிடம் முன்கூட்டியே சம்மதப் பிரமாணப் பத்திரம் வாங்கிவிட்டால் மாதக்கணக்கில் மிச்சம். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்திலோ, அங்குள்ள நோட்டரியிடம் கையெழுத்திட்டு அப்போஸ்டில் பெற்றோ அனுப்பலாம். எவராவது கேவியட் என்ற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால் ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) என்ற மனு டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட்) என்ற வழக்காக மாறும். பிறகு முழு விசாரணை, குறுக்கு விசாரணை என்று ஆண்டுகள் ஓடும். உயிலால் பெரும்பலன் அடைபவரே அதை எழுதவைக்க முன்னின்றார், வக்கீலையும் அழைத்து வந்தார் என்பது போன்ற சந்தேகங்களை விளக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது. ஆனால் வீடு உண்மையில் இறந்தவருடையதா, பூர்விகமா என்பதைப் புரொபேட் நீதிமன்றம் பார்க்காது; அதற்குத் தனி வழக்கு.

ஆணை கிடைத்ததும் சான்றிட்ட நகல் மூன்று நான்கு சேர்த்தே வாங்குங்கள். பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். பெயரிலோ இடத்திலோ பிழை இருந்தால் அதே நீதிமன்றத்தில் திருத்தக் கேட்கலாம், புது மனு வேண்டாம். நிறைவேற்றுநர் கடன்களைத் தீர்த்தபின், சொத்தை உரியவருக்கு விடுவதாக ஒப்புதல் தர வேண்டும். வாய்ச்சொல்லே சட்டப்படி போதும் என்றாலும் எழுத்தில் வாங்கி வையுங்கள், பின்னால் விற்கும்போது கேட்பார்கள். சொத்துப் பட்டியலை 6 மாதத்திலும் வரவுசெலவுக் கணக்கை ஓராண்டிலும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆணையின் வாசகத்திலேயே இருந்தும் பலர் கவனிக்காமல் விடும் வரி இது. பட்டியல் மனுவிலேயே தயாராக இருப்பதால் புதிதாக எழுத வேண்டியது கணக்கு மட்டும்தான்.