சீழ்க்கட்டி வடிப்புக்குக் குறியீடு தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளுக்குக் கோடிங் செய்யும் (நோயையும் சிகிச்சையையும் கட்டணத்துக்கான குறியீட்டு எண்களாக மாற்றும்) வேலைக்குச் சென்னையிலும் கோவையிலும் ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்கிறார்கள். அவர்கள் முடித்த சார்ட்டுகளை (நோயாளிப் பதிவுகளை) தணிக்கை செய்யும்போது, தோலில் சீழ் வடிக்கும் சிறு சிகிச்சைகளில் ஒரே வகைப் பிழைகள் ஒவ்வொரு அணியிலும் கண்ணில் படுகின்றன. எண் மாறுவதையும் தேதி விடுபடுவதையும் மென்பொருளே பிடித்துவிடும் என்பதால், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

நோயாளியிடம் சிக்கலைத் தேடுவது

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிபிடி (CPT) எனும் சிகிச்சைக் குறியீட்டுத் தொகுதியில், எளிய அல்லது ஒற்றைச் சீழ்க்கட்டியைக் கீறி வடிப்பதற்கு 10060 என்றும், சிக்கலான அல்லது பல கட்டிகளுக்கு 10061 என்றும் குறியீடுகள் உள்ளன. எது எளிது, எது சிக்கல் என்பதைச் சிபிடி வரையறுக்காமல் மருத்துவரின் தீர்மானத்துக்கு விட்டிருக்கிறது. கோடருக்கு அந்தத் தீர்மானம் தெரியவரும் ஒரே இடம் செயல்முறைக் குறிப்பு. இதை எத்தனை முறை சொன்னாலும், சார்ட்டின் முதல் பக்கத்திலேயே முடிவெடுத்துவிடும் பழக்கம் ஒழியாமல் இருப்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

அண்மையில் ஒரு பயிற்சியாளர் வலது அக்குளில் இருந்த கட்டிக்கு 10061 போட்டிருந்தார். காரணம் கேட்டபோது, "பேஷண்ட்டுக்கு சுகர் இருக்கு, காய்ச்சலும் இருக்கு, கட்டி நாலு சென்டிமீட்டர் சார், காம்ப்ளிகேட்டட்தானே?" என்றார். மருத்துவரின் குறிப்பிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒரே கீறலில் சீழை வெளியேற்றி, உப்பு நீரால் கழுவிக் கட்டுப் போட்டதாக மட்டுமே இருந்தது. நீரிழிவும் காய்ச்சலும் நோய்க் குறியீட்டில் இடம்பெற வேண்டியவை. செய்த சிகிச்சையை அவை மாற்றுவதில்லை. ஆகவே அது 10060.

அதே கட்டிக்குள் சீழை அறைகளாகப் பிரித்திருந்த தடுப்புகளைக் கருவியால் உடைத்ததாகவோ, வடிகுழாய் வைத்ததாகவோ, கீறலை நீட்டி ஆழமாகத் துழாவியதாகவோ எழுதியிருந்தால் 10061-க்கு ஆதாரம் உண்டு. காயத்துக்குள் துணி திணித்ததை மட்டும் வைத்து எல்லாக் காப்பீட்டாளர்களும் அதை ஏற்பதில்லை. அவரவர் விதியைப் பார்த்தாக வேண்டும். குறிப்பு தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவருக்குக் க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். அதிலும் "இது சிக்கலானதுதானே?" என்று விடையை ஊட்டாமல், என்ன செய்யப்பட்டது என்று மட்டும் கேட்க வேண்டும்.

10061-க்கான கட்டணம் கணிசமாக அதிகம் என்பதால் காப்பீட்டாளரின் தணிக்கை முதலில் பாய்வது இங்கேதான். மாதிரிக்கு எடுத்த சில சார்ட்டுகளில் கண்ட பிழையை மொத்தக் கிளைம்களுக்கும் (கட்டணக் கோரிக்கைகளுக்கும்) விரித்துக் கணக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் உண்டு. அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் கூடுதலாகக் கொடுத்த பணமென்றால், கண்டறிந்த 60 நாட்களுக்குள் தெரிவித்துத் திருப்பித் தர வேண்டும். தெரிந்தே வைத்துக்கொண்டால் பொய்க் கோரிக்கைச் சட்டம் வரை போகும். மறுபக்கம், தடுப்புகளை உடைத்த குறிப்பைப் படிக்காமல் 10060 போட்டால், செய்த வேலைக்கான ஊதியத்தை மருத்துவர் இழக்கிறார்.

இரண்டு கட்டிகளுக்கு இரண்டு முறை 10060

கூடாது. 10061 ஒரே முறை.

ஊசியால் உறிஞ்சியது

கீறல் இல்லையென்றால் 10060 இல்லை, அது 10160.

கட்டி இருக்கும் இடத்தைப் பார்க்காதது

10060 பொதுவான தோலுக்குரியது. கண்ணிமைக் கட்டிக்கு 67700, வெளிக்காதில் எளிய வடிப்புக்கு 69000, ஆசனவாயை ஒட்டிய மேலோட்டமான கட்டிக்கு 46050 எனத் தனிக் குறியீடுகள் உள்ளன. விரலில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நகச்சுற்றுக்கு 10060 பொருந்தும்; விரல்நுனிச் சதைக்குள் சீழ் கோத்திருந்தால் 26010 அல்லது 26011-க்குப் போக வேண்டும். கீறி வெளியேற்றியது சீழாக இல்லாமல் உறைந்த இரத்தமாக இருந்தால் 10140.

மாடிஃபையர் 25-ஐ வழக்கமாகச் சேர்ப்பது

மாடிஃபையர் என்பது குறியீட்டோடு சேர்க்கும் இரண்டிலக்கக் குறிப்பு; 25 என்றால், அதே நாளில் தனிப் பரிசோதனையும் நடந்தது என்று பொருள். கட்டிக்காக மட்டுமே வந்தவரைப் பரிசோதித்து, அன்றே கீற முடிவெடுத்தது சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதே வருகையில் இரத்த அழுத்த மருந்தை மாற்றியது போல, வேறாக நிற்கும் பணி குறிப்பில் இருந்தால் மட்டுமே 25.

பத்து நாட்களை மறப்பது

10060, 10061 இரண்டுக்கும் மெடிகேர் விதிப்படி 10 நாள் குளோபல் காலம் (தொடர் கவனிப்பும் சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கும் காலம்) உண்டு. மூன்றாம் நாள் திணிப்புத் துணியை எடுக்க வந்தவருக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதே காலத்துக்குள் தொடையில் தொடர்பற்ற புதுக் கட்டி வந்து, அதே மருத்துவர் கீறினால் மாடிஃபையர் 79 சேர்த்து அனுப்ப வேண்டும்.