நிழலில் நிற்கிற காரில் எந்தச் செற்றும் நன்றாகத்தான் கேட்கும்

போன மாதம் மருமகனோடு வவுனியாவுக்கு ஒரு கார் பார்க்கப் போனேன். டொயோட்டா 86, 2012 இல் வந்த முதல் தலைமுறை, சிவப்பு. கனடாவில் இருக்கிற தமையனும் சேர்ந்து காசு போடுவதால் இவனுக்கு ஆசை கட்டுக்கடங்கவில்லை. கார் சேல்காரர் வேப்பமரத்துக்குக் கீழே காரை நிறுத்தி, ஏசியைப் போட்டு, கதவுகளைச் சாத்தி, காரின் செற்றில், அதாவது பாட்டு, ரேடியோ, திரை எல்லாம் சேர்ந்த கருவியில், தன்னுடைய போனில் இருந்து ஒரு பாட்டை விட்டார். சீற்றோடு சேர்த்து முதுகு அதிர்ந்தது. "மாமா, செற் சும்மா அந்த மாதிரி" என்று இவன் அங்கேயே விலை பேசத் தொடங்கிவிட்டான்.

நான் கையைப் பிடித்து நிறுத்தி, ஓமந்தை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். ஏ9 வீதியில் ஏறி வேகம் எழுபதைத் தொட்டதும் அந்த அதிர்வில் பாதியைக் காணோம். பிறகு ஒரு கிறவல் ஒழுங்கைக்குள் இறக்கியபோது இடப்பக்கக் கதவு 'கிர்ர்ர்' என்று தனியாகப் பாடத் தொடங்கியது. கையால் கதவு உறையை அழுத்தினால் நிற்கும், எடுத்தால் வரும். உள்ளே கிளிப் ஒன்று உடைந்திருந்தது, அல்லது ஸ்பீக்கர் மாற்றியவர் அதை மாட்டாமலே மூடியிருந்தார்.

ஆக முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்: நிற்கிற காரில் கேட்டு முடிவு எடுப்பது. ஸ்போர்ட்ஸ் கார் சாதாரணக் கார் மாதிரி இல்லை. பாரத்தைக் குறைக்கச் சத்தம் தடுக்கும் தகடுகளையும் பஞ்சையும் குறைத்திருப்பார்கள், ரயர் அகலமாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கும், சஸ்பென்சன் இறுக்கம். வீதியில் இருந்து வருகிற இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கும், அதனால் அது முதலில் விழுங்குவது பாட்டின் பேஸைத்தான். நிற்கும்போது அளவாகக் கேட்ட பேஸ் ஓடும்போது மெலிந்துபோகும், நிற்கும்போது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது ஓடும்போது சரியாக இருக்கும். எங்கள் பக்கத்தில் காபெற் வீதியும் இருக்கிறது, அதை விட்டு இறங்கினால் கிறவலும் இருக்கிறது, இரண்டிலும் ஓடிப் பாருங்கள். சில கார்களில் வேகம் கூடக் கூடச் சத்தத்தைத் தானாகக் கூட்டுகிற வசதி உண்டு. முதலில் அதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், பிறகு போட்டுக் கேளுங்கள், அது அளவாகக் கூட்டுகிறதா, காதைப் பிளக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

சத்தம் கூடினால் நன்றாக இருப்பதாகத் தோன்றுவது மனிதக் காதின் இயல்பு. தாழ்ந்த சுருதியையும் மிக உயர்ந்த சுருதியையும் காது மெல்லிய சத்தத்தில் குறைவாகத்தான் பிடிக்கும், சத்தம் ஏற ஏற அவை நிரம்பி வரும். இதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து எழுதிவிட்டார்கள். விற்கிறவர்கள் அதைப் படித்திருக்கத் தேவையில்லை, அனுபவத்தில் தெரியும். அதனால் இரண்டு கார்களை ஒப்பிடும்போது வால்யூம் இலக்கத்தைப் பார்க்காதீர்கள், ஒரு செற்றின் 20 இன்னொன்றின் 30 ஆக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் கதைக்கக்கூடிய அளவில் இரண்டையும் வைத்துக் கேளுங்கள். பேஸ், ட்ரெபிள், ஈக்வலைசர் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்கத் தொடங்க வேண்டும். அந்த 86 இல் பேஸ் உச்சத்தில் நின்றது, நடுவுக்கு இறக்கியதும் செற்றின் உண்மையான குரல் வெளியே வந்தது, அது மோசம் என்று சொல்ல மாட்டேன், சாதாரணம்.

அடுத்தது, என்ன பாட்டைப் போட்டுப் பார்ப்பது என்பது. கார் சேல்காரருடைய பாட்டு வேண்டாம். புதிதாக வந்த, கணினியிலேயே செய்த பாட்டும் இதற்கு உதவாது, ஏனென்றால் அதன் உண்மையான ஒலி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் எப்போதும் கொண்டுபோவது நல்ல பதிவாக எடுத்த நாதஸ்வரம், தவில் கச்சேரி ஒன்று. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ ஊர்க் கோவில் திருவிழாவுக்கோ போய்த் தவிலுக்குப் பக்கத்தில் நின்ற எவருக்கும் அதன் சத்தம் உடம்பில் பதிந்திருக்கும். ஒரு பக்கம் தடியால் அடிக்கிற தொப்பி, அது 'தொம்' என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். மற்றப் பக்கம் கூடு போட்ட விரல்கள் விழுகிற வலந்தலை, அது சுள்ளென்று வெடிக்க வேண்டும். மோசமான செற்றில் தொப்பி அடங்காமல் 'பொம்ம்ம்' என்று இழுபடும், விரல் அடிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், நாதஸ்வரம் மேலே ஏறும்போது காதுக்குள் ஊசி குத்தும். இந்த மூன்றையும் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். அதோடு வானொலிச் செய்தி வாசிக்கிறவரின் குரல் ஒன்றையும் கேளுங்கள். மனிதக் குரல் பெட்டிக்குள் இருந்து வருகிறதா, 'ச', 'ஸ' எல்லாம் சீறுகிறதா என்று அதில் உடனே தெரியும்.

புளூடூத்தில் மட்டும் கேட்டுவிட்டுச் செற்றைக் குறை சொல்வதும் தவறு, புகழ்வதும் தவறு. புளூடூத் பாட்டைச் சுருக்கித்தான் அனுப்பும், பழைய செற்றுகளில் அந்தச் சுருக்கம் இன்னும் மோசம். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு ஏற்கெனவே நன்றாக நசுங்கியது. ஒரு பென் டிரைவில் தரமான கோப்புகளைப் போட்டுக்கொண்டு போங்கள், பிறகு அதே பாட்டைப் புளூடூத்திலும் விட்டுப் பாருங்கள்.

இங்கே ஓடுகிற இப்படியான கார்களில் அனேகமானவை ஜப்பானில் ஓடி இறங்கியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளிக்குள் கைமாறிக் கைமாறி வந்த கார்களில் யார் எந்த வயரை வெட்டினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஜப்பானில் பல கார்கள் செற் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வரும், டீலர்தான் பொருத்துவார். அதனால் ஒரே மொடல், ஒரே வருடம் என்றாலும் செற் வேறாக இருக்கும், "என் சினேகிதனின் காரில் நல்லாக் கேட்டது" என்பதை நம்பி இன்னொரு காரை வாங்க முடியாது.

ஜப்பான் செற்றில் ரேடியோவைப் போட்டுப் பார்க்க மறக்கிறவர்கள் எத்தனையோ பேர். அங்கே எஃப்எம் நீண்ட காலமாக 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான், பிறகு 95 வரை நீட்டினார்கள். எங்கள் நிலையங்கள் 87.5 முதல் 108 வரை பரந்து கிடக்கின்றன. அலைவரிசையை மாற்றித் தருகிற கன்வேட்டர் ஒன்றைப் பூட்டினால் சமாளிக்கலாம், ஆனால் திரையில் காட்டுகிற இலக்கம் வேறாக இருக்கும், சில நிலையங்கள் எல்லைக்கு வெளியே போய்விடும், மலிவான கன்வேட்டர் என்றால் இரைச்சலும் சேரும். உள்ளே இருக்கிற வரைபடம் ஜப்பானுக்கு மட்டும். தமிழில் பெயர் வைத்த பாட்டுக் கோப்புகள் பல செற்றுகளில் வெறும் கட்டங்களாகத் தெரியும். எல்லாவற்றையும் விட, சில டொயோட்டா செற்றுகள் பற்றரியை ஒருமுறை கழற்றிப் பூட்டினால் இறுகிக்கொண்டு இரகசிய இலக்கம் கேட்கும், சிலது வரைபட எஸ்டி கார்ட் இல்லாவிட்டால் திறக்கவே மாட்டாது. இவற்றைக் காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டும்.

எஞ்சின் சத்தத்தில் ஏமாறாமல் இருங்கள். உள்ளே கேட்கிற உறுமல் முழுவதும் எஞ்சினுடையது என்று நினைப்போம். 86 இல் காற்று உள்ளிழுக்கும் பாதையில் இருந்து ஒரு குழாய் வழியாக உண்மையான சத்தத்தைத்தான் உள்ளே கொண்டுவருகிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பிஎம்டபிள்யூவின் எம்5 போன்ற சில கார்களில் அந்தச் சத்தத்தைப் பாட்டு வருகிற அதே ஸ்பீக்கர்கள்தான் போடுகின்றன. வேறு சில கார்களில் கபினுக்குள் மைக் வைத்து, இரைச்சலுக்கு எதிரான ஒலியை ஸ்பீக்கரில் விட்டு இரைச்சலை அமத்துவார்கள். இப்படியான காரில் பேஸுக்கென்றே உள்ள ஒரு பெரிய சப்வூபர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பூட்டினால், அந்த மைக் குழம்பி, கபினே 'ஊம்' என்று முழங்கத் தொடங்கும், ஸ்பீக்கர்தான் பழுது என்று நினைத்துத் திரும்பவும் காசு செலவழிப்பீர்கள்.

எஞ்சின் ஓடும்போது பாட்டை மெல்லக் குறைத்து அக்சிலேட்டரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து 'ஈஈ' என்று ஒரு கூவல் ஏறி இறங்கினால் எர்த் சரியில்லை, வயறிங் யாரோ குழப்பியிருக்கிறார்கள்.

வாட்ஸ் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகப்பில் "4×50", அதாவது நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ், என்று எழுதியிருக்கிற செற், நிலையாகத் தருவது ஒரு ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 20 வாட்ஸ்தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு வேண்டும். அதனால் 200ஐயும் 300ஐயும் ஒப்பிட்டு மண்டையை உடைக்க வேண்டாம். ஸ்பீக்கர் எண்ணிக்கையும் அப்படித்தான், எத்தனை என்பதை விட எங்கே என்பதுதான் முக்கியம். மஸ்டா எம்எக்ஸ்5 இல் போஸ் நிறுவனத்தின் செற்றைப் பொருத்தியபோது தலை சாய்கிற இடத்திலேயே ஸ்பீக்கர் வைத்தார்கள், கூரையைத் திறந்து ஓடும்போது காற்றுக்குள்ளும் குரல் கேட்க வேண்டும் என்பதற்காக. கூரை திறக்கிற கார் என்றால் திறந்தும் மூடியும் கேட்காமல் வராதீர்கள்.

நாங்கள் வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறோம், வலது ஸ்பீக்கர் முழங்காலடியில், இடது எட்டத்தில். எனவே பாடுகிறவர் கண்ணாடிக்கு நடுவில் நிற்பதாகக் கேட்க வேண்டும், கதவுக்குள் இருந்து பாடினால் இரண்டு பக்க ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வந்து சேரும்படி நேரத்தைச் சரிசெய்கிற அமைப்பு செற்றில் இருக்கிறதா என்று தேடுங்கள். இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு 2009 இல் இருந்து இடது காது மந்தம், போரில் செல் விழுந்து வெடித்தது அவ்வளவு பக்கத்தில். வன்னியில் இப்படி இருக்கிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை, பலருக்கு அது தெரிவதே இல்லை. என் காதுக்குச் சமமாகத் தெரிகிற ஒலி உண்மையில் இடப்பக்கம் கூடியது என்பதை மருமகன் சொல்லித்தான் அறிந்தேன். அதனால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், இளம் காது ஒன்றையும் கூட்டிப் போங்கள். மிஞ்சியிருக்கிற காதையும் பாருங்கள். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம், 90 என்றால் 4 மணித்தியாலம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சின்னக் கபினுக்குள் 90ஐத் தொடுவது ஒரு வேலையே இல்லை.

திரையை நிழலில் பார்ப்பதும் அதே தவறுதான். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்குப் பரந்தன் வெளியில் நிறுத்திப் பாருங்கள், பல திரைகள் கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தைத்தான் காட்டும். வெயிலில் கிடந்து சூடேறிய திரை விரலுக்கு எவ்வளவு தாமதமாகப் பதில் சொல்கிறது என்றும் பாருங்கள். சத்தம் கூட்டிக் குறைக்கத் திருகு இல்லாமல் எல்லாம் திரைக்குள் இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், மாடு குறுக்கே வருகிற வீதியில் கண்ணை எடுக்க முடியாது. போனைக் காரின் திரையில் காட்டுகிற ஆண்ட்ராய்ட் ஓட்டோ, கார்ப்ளே இருந்தால் உங்கள் சொந்தப் போனைச் செருகி, ஒரு அழைப்பும் எடுத்துப் பாருங்கள், ஓடும்போது மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்று. காட்டுப் பாதைகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

வாங்கிய அடுத்த நாளே செற்றைக் கழற்றி எறிவதும் வேண்டாம். தொழிற்சாலையிலேயே அம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் கருவி, பூட்டி வந்த கார்களில் ஸ்பீக்கரின் மின்தடையான ஓம் அளவு பல தடவை இரண்டு அல்லது அதற்கும் குறைவு, கடையில் வாங்குகிற நான்கு ஓம் ஸ்பீக்கரைப் பூட்டினால் சத்தம் குறைந்துதான் போகும். ஸ்டியரிங் பட்டன், ரிவர்ஸ் கமரா இரண்டும் புதுச் செற்றோடு வேலை செய்யுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருமகன் அந்த 86ஐத்தான் வாங்கினான். கதவு உறைக்கும் கன்வேட்டருக்கும் என்று விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் காசைக் கொடுத்துவிட்டான், எஸ்டி கார்ட் இருக்கிற பள்ளத்தைத் திறந்து பார்க்கவில்லை. கிளிநொச்சி வந்து பற்றரி மாற்றிய அன்று திரை ஜப்பானிய மொழியில் அந்தக் கார்டைக் கேட்டது. இப்போது இருவரும் வாரத்துக்கு ஒருமுறை வவுனியாவுக்கு அழைப்பு எடுக்கிறோம்.