விருந்தாளிகள் பந்தி பந்தியாகச் சாப்பிடும் நாளில் வெண்பொங்கல் இறுகாமல் இருக்க

பொங்கலுக்கு ஊரிலிருந்து உறவுகள் வந்திருக்கும்போது வெண்பொங்கலை ஒரேயடியாகத் தாளித்துக் கொட்டிவிடாதீர்கள். வேகவைத்ததைத் தாளிக்காமல் மூடி, ஹாட்பேக்கில் வையுங்கள். ஒவ்வொரு பந்திக்கும் வேண்டியதை மட்டும் எடுத்து, இரண்டு கரண்டி பொங்கலுக்குக் கால் டம்ளர் கொதிநீர் விட்டு, கரண்டியின் முதுகால் மசித்துவிட்டு, அப்போதுதான் நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட வேண்டும்.

நான்கு பேருக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர் கணக்கு. குக்கரைத் திறக்கும்போது கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். குழைந்த அரிசியும் பருப்பும் இறக்கிய பிறகும் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆற ஆற மாவுச்சத்து கெட்டிப்பட்டுக் களிபோல ஆகிவிடும். கொதிநீர் அதை மறுபடி இளக்கும். பச்சைத் தண்ணீர் விட்டால் கட்டி கட்டியாக நிற்கும், ருசியும் போய்விடும். தாளிப்பைப் பிரித்து வைப்பதால் கடைசியாக எழுந்து வரும் பெரியப்பாவுக்கும் முந்திரி மொறுமொறுவென்றே கிடைக்கும். நெய் மணமும் அப்படித்தான்.

சர்க்கரைப் பொங்கலுக்கு இது ஒத்துவராது, தண்ணீர் விட்டால் இனிப்பு நீர்த்துவிடும். அதற்குக் காய்ச்சிய சூடான பாலை, அடுப்பை அணைத்த பிறகு கொஞ்சமாக விட்டுக் கிளறலாம். அடுப்பில் கொதிக்கும்போது விட்டால் சில வெல்லத்துக்குப் பால் திரிந்துவிடும். வெண்பொங்கலும் அன்று காலைப் பந்திகளோடு சரி; மீந்ததை மாலை வரை வெளியே வைத்து இளக்கிப் பரிமாறாதீர்கள்.